நடக்கிற பிள்ளைக்கு ஒரு வண்டி

எட்டு வயசுப் பையனுக்கு வண்டி எதற்கு என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பையனை ஒரு நாளும் தூக்கிச் சுமந்ததில்லை. வசந்தாமணிக்கு இருந்த ஆத்திரமெல்லாம் இதுதான். கேட்பதற்கு வாய் எல்லாருக்கும் இருந்தது. சுமப்பதற்கு இடுப்பு அவள் ஒருத்திக்கு மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது.

போன ஆடியில் சேலம் பொருட்காட்சிக்குப் போனபோது அவன் நடந்துதான் வந்தான். முதல் ஒரு மணி நேரம் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதற்கப்புறம் கால் வலிக்கிறது என்றான். வலிக்காமல் என்ன செய்யும்? பெரியவர்கள் ஓர் எட்டு வைத்தால் அவன் இரண்டு எட்டு ஓட வேண்டும். அந்தக் கூட்டத்தில் அவன் கண்ட காட்சியெல்லாம் முன்னால் போகிறவர்களின் வேட்டியும் சேலையும்தான். கடைசியில் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பையோடு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் நடந்தாள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலடி முன்னால் போனார். ஊருக்குத் திரும்பியதும் அவள் முதுகு பிடித்துக்கொண்டு, குனிந்து ஒரு குடத்தைத் தூக்க முடியாமல் கிடந்தாள். அப்போது உறவுக்காரர்கள் வந்து பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா? இடுப்பிலேயே வைத்து வைத்துப் பையனைக் கெடுத்துவிட்டாளாம்.

அதனால் இந்த எண்பத்திரண்டாம் வருஷத்து ஆடிக்கு அவள் முன்கூட்டியே யோசித்து வைத்தாள். புருஷன் மயில்சாமிக்கு லாரி ஓட்டுகிற தொழில். நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறையில் லாரியை விட்டிருந்தபோது, மிச்சம் விழுந்த பலகையில் பையன் உட்காருகிற மாதிரி ஒரு தள்ளுவண்டி செய்து வாங்கி வரச் சொன்னாள். மயில்சாமி மறுக்கவில்லை.

"செஞ்சு தாரேன். எங்கப்பன் கேட்டா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத" என்றான்.

வண்டி வந்தது. நாலு சின்னச் சக்கரம், பின்னால் தள்ளுவதற்கு ஒரு வளைந்த கம்பி, இருக்கைக்கு அடியில் சாமான் வைக்க ஒரு பெட்டி. பெயிண்டர் லாரிக்கு அடித்த மிச்சச் சிவப்பையும் மஞ்சளையும் அடித்து, இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு, பின்பலகையில் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியும் கொடுத்திருந்தார். பையனுக்கு ஒரே கொண்டாட்டம். மல்லசமுத்திரத்தில் அவர்கள் இருந்த தெருவுக்குத்தான் தாங்கவில்லை.

"ஏம்புள்ள வசந்தா, அடுத்தாப்பல தொட்டிலு கட்டித் தாலாட்டுவியாட்ட இருக்குது" என்றாள் எதிர்வீட்டுக் கந்தம்மாள்.

"கட்டோணும்னா கட்டறனுங்க. நீங்க வந்து ஆட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வசந்தாமணி உள்ளே போனாள்.

மாமனார் வண்டியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். மோசமான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஊரில் ஒரு வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் மருமகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் ஆண்பிள்ளை வெளியே போனால் கையை வீசிக்கொண்டு போக வேண்டும், கூட வருகிற பெண்பிள்ளை சாமானைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போல. அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. இந்தத் தடவையும் மயில்சாமி கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போய்விட்டதால், மருமகளையும் பேரனையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் அங்கே பம்பு செட்டுக் கடைகளைப் பார்க்கிற ஆசை இருந்தது.

வண்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிப் போட்டுச் சேலத்தில் இறக்கினார்கள். பொருட்காட்சி வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் வண்டியையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பையனுக்குக் கால் முடியாதாம்மா?"

"நல்லா நடப்பானுங்க."

"அப்புறம் எதுக்கு வண்டி?"

"நடந்தாக் கால் வலிக்குமில்லீங்க, அதுக்குத்தான்."

இதைவிட நேரான பதில் உலகத்தில் கிடையாது. ஆனாலும் அவன் ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டான்.

உள்ளே போனதும் வசந்தாமணிக்கு மனசு நிறைந்துபோனது. புளிச்சோற்றுத் தூக்குப்போசியும் தண்ணீர்ச் செம்பும் மாற்றுத் துணியும் பெட்டியில் அடங்கிவிட்டன. அவள் கை இரண்டும் வண்டிக் கம்பியில் இருந்தன. பையன் அவள் கண்ணுக்கு நேராக இருந்தான். மீன் காட்சியைப் பார்த்தார்கள், மின்சார வாரியம் வைத்திருந்த பொம்மை அணைக்கட்டைப் பார்த்தார்கள். மாமனார் பம்பு செட்டுக் கடையில் நின்று ஒவ்வொரு மோட்டாரையும் தட்டிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் பையன் சிணுங்கவே இல்லை. போன வருஷம் இதே இடத்தில்தான் அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். நினைத்துப் பார்த்தபோது, இத்தனை வருஷமாக இதைச் செய்யாமல் போனோமே என்றுதான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. ஆடி மாதமல்லவா, பாதிக் கூட்டம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பொருட்காட்சிக்கு வந்த கூட்டம். சாமி கும்பிட்ட கையோடு ஏதாவது தர்மம் செய்யலாமா என்று பார்த்துக்கொண்டே வருகிறவர்கள். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாள் வண்டிக்கு முன்னால் நின்று உச்சுக் கொட்டினாள்.

"மூக்கும் முழியுமாப் பெத்து வெச்சும் இப்பிடி ஆயிப்போச்சே. எளம்புள்ள வாதமா கண்ணு?"

வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா நடப்பானுங்க" என்றாள்.

"நடப்பான் சாமி, நடப்பான். ஆத்தா கண்ணத் தொறந்தா எந்திரிச்சு ஓடுவான்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் பையன் நெற்றியில் திருநீறு பூசி, மடியில் ஒரு நாலணாவைப் போட்டாள். ஒருத்தி போட்டால் போதாதா? பின்னால் வந்த இரண்டு பேர் விசாரிக்கவே இல்லை. அவர்கள் பாட்டுக்குக் காசைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"அம்மா, எல்லாரும் காசு குடுக்கறாங்க" என்று பையன் சந்தோஷமாகச் சொன்னான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனார் அந்த நேரம் பார்த்துத் திரும்பினார். தன் பேரன் மடியில் பிச்சைக் காசு கிடப்பதைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துச் சிறுத்துப் போனது. கோபம் வந்தால் யார் மேல் வர வேண்டும்? கண் இருந்தும் விசாரிக்காமல் காசு போட்டவர்கள் மேல் வர வேண்டும். அவருக்கு வண்டி மேல் வந்தது.

"எறக்கி உடு அவன" என்றார்.

"அவங்க தெரியாமப் போட்டுட்டாங்க மாமா. நாம சொல்லிக்கலாமுங்க."

"எத்தனை பேருத்துக்கிட்டச் சொல்லுவ? என்ற பேரன் நொண்டீன்னு ஊரெல்லாம் பேசோணுமா? நடந்து வரட்டும். எட்டு வயசாச்சு. வண்டியக் கொண்டுபோயி சைக்கிள் ஸ்டாண்டுல உட்டுப்போட்டு வா."

வசந்தாமணிக்கு மாமனாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதுவும் நாலு பேர் நிற்கிற இடத்தில். பையனை இறக்கிவிட்டு, பொருட்காட்சியின் அந்தக் கோடியில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டு வந்தாள். பெட்டியில் இருந்ததெல்லாம் இப்போது அவள் கைக்கு வந்துவிட்டது. தூக்குப்போசி ஒரு கையில், துணிப்பை தோளில், செம்பு பைக்குள். அது போதாதென்று மாமனார் தம்பி வீட்டுக்காக ஒரு பெரிய பீங்கான் ஜாடியை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"பையன் கையப் புடிச்சுக்க. கூட்டம் எச்சா இருக்குது" என்று ஜாக்கிரதை வேறு சொன்னார்.

எந்தக் கையால் பிடிப்பது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விளக்கெல்லாம் போட்ட பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. மரணக் கிணறு பக்கம் போனபோது, உள்ளே மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தத்தில் சனம் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜாடி கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. பையன் கையை ஒரு நொடி விட்டு, ஜாடியை ஏற்றி இடுப்பில் வைத்தாள். திரும்பிக் கையை நீட்டினால் பையன் இல்லை. பிள்ளை இருக்க வேண்டிய இடுப்பில் ஜாடி பத்திரமாக இருந்தது.

"சாமி, சாமி" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போனாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஓடிப் போய் மாமனாரிடம் சொன்னாள். அவருக்கும் உள்ளுக்குள் பகீரென்றிருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க போயிருவான்? எட்டு வயசுப் பையன். அந்த வயசுல நானு தனியா மாடு ஓட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போயிருக்கறேன். நீ போயி மைக்குல சொல்லச் சொல்லு. நானு ராட்டினத்துப் பக்கம் பாக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

அறிவிப்புக் கொட்டகையில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் பாட்டுத் தட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வசந்தாமணி மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"வயசு என்ன?"

"எட்டுங்க."

"எட்டா? நான் என்னமோ கைக்குழந்தைன்னு நெனச்சேன். எட்டு வயசுப் பையன் தானா வந்துடுவாம்மா."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறியது. வண்டியில் உட்கார்ந்தால் எட்டு வயசு. கால் வலித்தால் எட்டு வயசு. இப்போது பிள்ளையைக் காணோம் என்றாலும் எட்டு வயசு. எட்டு வயசு ஆகிவிட்டால் ஒரு பிள்ளைக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

"சரி, பேர் என்ன?"

இங்கேதான் அவள் சிக்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி பையனுக்குத் தாத்தா பெயர்தான் வைத்திருந்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையானாலும் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது கிடையாது. வீட்டில் அவளுக்கு அவன் சாமி, கண்ணு, தம்பி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுகூட மயில்சாமிதான் போய்ப் பெயரைச் சொன்னான்.

"எங்க மாமனாரு பேருங்க" என்றாள்.

"மாமனார் பேர் என்ன?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. நீங்களே கண்டுபுடிச்சுக்கங்க. திருச்செங்கோட்டு மலையில இருக்கற சாமி பேருங்க."

பெயர் சொல்ல வேண்டி வந்தால் பெண்கள் இப்படிச் சாடையாகச் சொல்வதும் எதிரே இருக்கிறவர் புரிந்துகொள்வதும் ஊரில் சாதாரணம். கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லாருக்கும் இது பழகிப்போன சங்கதி. இவரோ டவுன்காரர்.

"அர்த்தநாரியா? சொல்ல வேண்டியதுதானே" என்றவர், அவள் இல்லையென்று தலையாட்டுவதற்குள் விசையைத் தட்டிவிட்டார். "மல்லசமுத்திரத்திலிருந்து வந்து காணாமல் போன அர்த்தநாரி என்ற சிறுவன் எங்கிருந்தாலும் அறிவிப்புக் கொட்டகைக்கு வரவும்" என்று பொருட்காட்சி முழுவதும் முழங்கியது.

"அவரு இல்லீங்க. அதே மலையில இன்னொரு சாமிங்க. மயிலு வெச்சிருப்பாருங்க."

"முருகன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அலுத்துக்கொண்டு மறுபடியும் மைக்கைப் பிடித்தார். "சற்று முன் அர்த்தநாரி என்று அறிவிக்கப்பட்ட சிறுவனின் பெயர் முருகன்."

கொஞ்ச நேரத்தில் சோடாக் கடையிலிருந்து மீசை வைத்த ஒரு முருகன், என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான். கண்ணாடிக்காரர் சிரித்தார்.

வசந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிகளையெல்லாம் கூப்பிட்டாயிற்று. அவள் பிள்ளையை மட்டும் இன்னும் யாரும் கூப்பிடவில்லை. இத்தனை நேரமும் அந்தப் பெயர் அவள் நாக்கின் மேல்தான் கிடந்தது. அதைச் சொன்னால் மரியாதை போய்விடுமாம். நொண்டி என்று யாரோ நினைத்துவிட்டால் மரியாதை போய்விடுமாம். எல்லார் மரியாதையையும் சுமந்தாயிற்று. ஜாடியையும் சுமந்தாயிற்று. பிள்ளை எங்கோ கூட்டத்துக்குள் கால் மிதிபட அழுதுகொண்டிருக்கிறது.

ஜாடியை மேசை மேல் வைத்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணாடிக்காரர், "ஏம்மா, ஏம்மா" என்று கையை நீட்டுவதற்குள் பேசிவிட்டாள்.

"டேய் செங்கோடா. செங்கோடா, அம்மா பேசறேன். எங்கடா இருக்கற? பயந்துக்காத. நடக்காத. இருக்கற எடத்துலயே ஒக்காந்துக்க. ஆரு எந்திரிக்கச் சொன்னாலும் எந்திரிக்காத. நான் வந்து உன்னய வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல இருக்கறவங்க ஆராச்சும் பையனப் பாத்தா வந்து சொல்லுங்க. பச்சைச் சட்டை போட்டிருக்கறான். பேரு செங்கோடன்."

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் அந்தப் பெயரைச் சொல்லிற்று. மாமனார் தேடப் போன ராட்டினத்துப் பக்கமும் ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே இன்னொரு தடவையும் சொன்னாள்.

அப்புறம் கொட்டகை வாசலில் நின்று நாலா பக்கமும் பார்த்தாள். போகிறவர்கள் அவளைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். நேரம் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் அப்பளக் கடைப் பக்கமிருந்து ஒரு தலை மேலே உயர்ந்து வருவது தெரிந்தது. பச்சைச் சட்டை. பையன் மாமனாரின் தோளில் உட்கார்ந்திருந்தான். அவர் வேட்டியெல்லாம் புழுதி. முகத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பையன் கால்களைப் பிடித்திருந்தன. வசந்தாமணிக்கு அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. பையன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பளக் கடைக்காரரு புடிச்சு ஒக்கார வெச்சிருந்தாரு" என்றார் மாமனார். மூச்சு வாங்கியது. அப்புறம் அவளைப் பார்க்காமல், "பேரு ஊரு பூராவும் கேட்டுச்சு" என்றார்.

"கேக்கோணும்னுதானுங்க மாமா சொன்னேன்."

அவர் பையனின் தொடையைத் தட்டி, "எறங்குடா, அம்மாளத்தான் பாத்துட்டியே" என்றார்.

"மாட்டேன் அப்பாரு. அம்மா மைக்குல நடக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. வண்டி வந்தாத்தான் எறங்குவேன்" என்று பையன் அவர் தலையைக் கட்டிக்கொண்டான்.

மாமனார் மருமகளைப் பார்த்தார். எறங்கு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் இறங்கிவிடுவான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொல்வாள் என்று நின்றார். வசந்தாமணி ஜாடியை எடுத்துக்கொண்டாள், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வண்டி சைக்கிள் ஸ்டாண்டுல இருக்குதுங்க. வாங்க மாமா" என்று முன்னால் நடந்தாள்.

சைக்கிள் ஸ்டாண்டு அந்தக் கோடி. அவள் அவசரப்படவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் அவர் செருப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. ஓர் இடத்தில் நின்றே போனது. அப்போதுதான் திரும்பினாள். பையன் தோளிலேயே தூங்கிப்போய்ச் சரிந்திருந்தான். மாமனார் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை நிமிர்த்த முடியாமல் நின்றார்.

"என்னம்மா இவன் இந்தக் கனம் கனக்கறான்?" என்றார்.

"போன வருசம் இதே எடத்துல எனக்கும் கனத்தானுங்க மாமா" என்றாள் வசந்தாமணி.